விக்குல விழுந்த சுழி

பேய், காத்து, கருப்புன்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போய் பாத்திரம் கழுவுற ஆளு நான். சாமி உண்டு, அதுல மாத்தமில்ல. வெள்ளி தவறாம மாரியம்மனுக்கு விளக்குப் போடுறவ. மத்ததெல்லாம் வேலை இல்லாதவங்க பேச்சுன்னு தான் நெனச்சிருந்தேன். இப்ப நான் சொல்லப் போறதக் கேட்டு நீங்களும் பாத்திரம் கழுவப் போகலாம், கோவிச்சுக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரே இன்னும் பாதி தான் நம்புறாரு.

எங்க வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னாடி. பத்தாவது வரைக்கும் படிச்சேன், அப்புறம் பியூட்டி பார்லர்ல எட்டு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்து முழங்கால் போச்சு, இப்ப வீட்டுல இருந்தே விக்குக்கு அலங்காரம் பண்ணிக் கொடுக்குறேன். கல்யாணத்துக்கு வைக்கிற விக்கு இல்லைங்க. காலேஜ் பிள்ளைக, வேலைக்குப் போற பிள்ளைக எல்லாம் ஜப்பான் படக்கதையில வர்ற ஆளுக மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு ஒரு எடத்துல கூடுறாங்க, காஸ்ப்ளேன்னு பேரு. அதுக்கு நீலம், ரோஸ், வெள்ளின்னு விக்கு வாங்கி எனக்கு அனுப்புவாங்க, கூடவே ஒரு படம். படத்துல முடி எப்படி நிக்கிதோ அப்படியே நான் நிப்பாட்டித் தரணும். அம்புட்டும் பிளாஸ்டிக் நூலு. துணித் தொப்பி மேல வரிசை வரிசையா, ஒரே பக்கம் சாயுற மாதிரி தச்சிருக்கும். ஆவி காட்டி வளைச்சு ஆற விட்டா, வளைச்சபடியே நிக்கும், மறுபடி சூடு காட்டுற வரைக்கும் அசையாது. இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

எனக்கு ஒரே தம்பி, முத்துப்பாண்டி. எங்கம்மா சின்ன வயசுலயே போயிருச்சு, அவனுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் வச்சுத் தலைக்கு ஊத்துனது, சீவி விட்டது எல்லாம் நான் தான். அவன் உச்சந்தலையில ரெண்டு சுழி. ஒண்ணு வலப்பக்கமாச் சுத்தும், ஒண்ணு இடப்பக்கமா, நடுவுல ஒரு கொத்து சேவக்கொண்டை கணக்கா நட்டுக்கிட்டு நிக்கும், எம்புட்டு எண்ணெய் தடவுனாலும் படியாது. "ஒங் கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேருக்கு ரெண்டு எடம் விடணும்டா"ன்னு சொந்தக்காரங்க கேலி பண்ணுவாங்க.

எனக்குக் கல்யாணமான பிறகும் எங்களோட தான் இருந்தான். ஒரு நாள் சாப்பிட ஒக்காந்தவனப் பார்த்து எங்க வீட்டுக்காரரு, "தண்டச்சோறு இன்னும் எம்புட்டு நாளைக்கு மாப்ள"ன்னு கேட்டுட்டாரு. நான் குழம்புக் கரண்டியோட பக்கத்துல நின்னேன், ஒரு வார்த்தை பேசல. அவன் எந்திரிச்சுக் கை கழுவுனான், "வாரேங்க்கா"ன்னான், போனவன் தான். திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான்னு காதுல விழுந்துச்சு. நம்பர மாத்திட்டான். நாலு வருஷம் ஆச்சு.

அதுக்குள்ள எம்மகனுக்கு அஞ்சு வயசாகிப் போச்சு. உசிலம்பட்டிப் பக்கம் இருக்குற எங்க குலசாமி கோயில்ல, தாய்மாமன் மடியில ஒக்கார வச்சு பிள்ளைக்கு மொத முடி எறக்கணும். அவன் இல்லாம எறக்க எனக்கு மனசு வரல. ரெட்டைச் சடை போட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்புனேன், பிள்ளை அழுதுக்கிட்டே வருவான். "அடுத்த மாசம் நாள் குறிச்சாச்சு. ஒம் பெரியப்பா மகன் மடியில ஒக்காத்து. வராதவனுக்காக எம்பிள்ளை இன்னும் எத்தனை வருஷம் பூ வச்சுக்கிட்டுத் திரியணும்?"ன்னாரு வீட்டுக்காரரு. எதுத்துப் பேசத் தெம்பில்ல. சரின்னுட்டேன். அது புதன்கிழமை.

மறுநாள், பெங்களூர்ல வேலை பாக்குற அனிதாங்கிற பொண்ணோட விக்க எடுத்தேன். வெள்ளி நிறம், குட்டை முடி, ஒரு வாள்வீரன் வேஷத்துக்கு. உச்சி வழவழன்னு பின்பக்கமாப் படிஞ்சிருக்கணும். தெர்மாகோல் தலையில மாட்டி, ஆவி காட்டி, ஸ்பிரே அடிச்சு, கண்ணாடி மாதிரி படிய வச்சுட்டு, மூணு மணிக்கு மகனக் கூப்பிடப் போயிட்டு வந்து பார்க்குறேன், உச்சியில ஒரு கொத்து நட்டுக்கிட்டு நிக்குது. ஃபேன் காத்தா இருக்கும்னு மறுபடியும் படிய வச்சேன். வெள்ளிக்கிழமை காலையில விளக்கேத்திட்டு வந்து பார்த்தா, மறுபடியும் நிக்குது. சீப்பால பிரிச்சுப் பார்த்தேன். தையல் வரிசை நேராத் தான் இருக்கு, நூலு மட்டும் சுத்துது. ஒண்ணு வலப்பக்கம். ஒண்ணு இடப்பக்கம்.

வீட்டுக்காரரக் கூப்பிட்டுக் காட்டுனேன்.

"என்னடி இது?"

"சுழிங்க."

"பிளாஸ்டிக்குக்கு ஏது சுழி? தச்சவன் தூங்கிக்கிட்டே தச்சிருப்பான். அத மட்டும் கத்தரிச்சு விடு, சாயங்காலம் சிம்மக்கல் போய் கூரியர்ல போடணும்ல."

"வெள்ளிக்கிழமை முடியில கத்தரி வைக்க மாட்டேன்."

"அடிப்பாவி, பிளாஸ்டிக்குக்கு ஏது வெள்ளி செவ்வா? கொத்து ஏன் நிக்கிதுன்னு யாராச்சும் கேட்டா அந்தப் பிள்ளை அங்க ஒங்குலசாமி பேரச் சொல்லவா?" சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போயிட்டாரு.

அன்னைக்கு மதியத்துல இருந்தே கரண்டு இல்ல. ஆவி மிஷினும் ஓடல, ஃபேனும் ஓடல. நாலரை மணி இருக்கும், சீப்பாலயே படிய வச்சுப் பார்த்து முதுகு விட்டுப் போச்சு, வேற வழியும் தெரியல, பிளாஸ்டிக் தானேன்னு கத்தரிய எடுத்துட்டேன். கொத்தைப் பிடிக்க எடது கைய உச்சியில வச்சா, சுடுதுங்க. காலையில இருந்து சூடே காட்டாத விக்கு. நெத்திப் பக்கம் தொட்டுப் பார்த்தேன், சும்மா தான் இருக்கு, உச்சி மட்டும் காய்ச்சல்ல கெடக்குற பிள்ளை தலை மாதிரி சுடுது. அந்தச் சூடு எங்கைக்குத் தெரியும். எத்தனை தடவை அந்தத் தலைக்கு ஈரத்துணி போட்டிருக்கேன்.

கத்தரி தன்னால கீழ விழுந்துருச்சு. பயம்னு சொல்ல முடியாது, அழுகை தான் வந்துச்சு. சாமி படத்துக்கிட்ட இருந்த திருநீற எடுத்து அந்த உச்சியில வச்சேன், பைத்தியக்காரின்னு நெனச்சுக்கங்க. ஒத்த ரூபாய மஞ்சத்துணியில முடிஞ்சு, "தாயி மாரியாத்தா, அவன் எங்க இருந்தாலும் கொண்டாந்து சேரு, எம் முடிய நீ எடுத்துக்க"ன்னு வேண்டிக்கிட்டு, ஈரத்துணியப் பிழிஞ்சு போட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். மகன் வந்து, "யாருக்கும்மா காய்ச்சல்?"னு கேட்டான். துணிய மறுபடி நனைச்சுப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமா ஆறுச்சு.

வெட்டாமத் தான் கூரியர்ல போட்டேன். ஒரு கொத்து மட்டும் படியலம்மா, கோவிச்சுக்காதன்னு அந்தப் பொண்ணுக்கு வாய்ஸ் அனுப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில திருப்பூருல இருந்து போன். தம்பியோட ஒரே ரூம்ல இருக்குற ஆளு. வண்டியில இருந்து விழுந்து மண்டையில அடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன், கண்ணு முழிச்சதும் எம் நம்பரத் தான் சொல்லியிருக்கான். நானும் வீட்டுக்காரரும் பஸ்ஸப் பிடிச்சு ஓடுனோம். தலை முழுக்கக் கட்டுப் போட்டுக் கெடந்தான். அந்த ரூம்காரரு வெளிய வச்சுச் சொன்னாரு, "ஆபரேஷனுக்கு முடி எடுக்க வந்தாங்கக்கா, அவனுக்கு நெனவே இல்ல, ஆனாலும் 'வெட்டாதக்கா, வெட்டாதக்கா'ன்னு அனத்துறான். முடி மேல இம்புட்டு ஆசையான்னு நர்சம்மா கூடச் சிரிச்சாங்க."

"எத்தனை மணிக்குங்க?"

"நாலரை இருக்கும்."

எங்க வீட்டுக்காரரு என்னைய ஏறிட்டுப் பார்க்கல. நாலரைக்குத் தான் நான் கத்தரிய எடுத்தேன்னு அன்னைக்கு ராத்திரியே அவருகிட்டச் சொல்லியிருந்தேன்.

குறிச்ச நாளத் தள்ளி வச்சோம். ரெண்டு மாசம் கழிச்சு, முந்தின நாள் எம் முடிய மாரியம்மனுக்குக் கொடுத்துட்டு, மொட்டத்தலையோட குலசாமி கோயிலுக்குப் போனேன். தம்பி மடியில எம்மகன ஒக்கார வச்சு முடி எறக்குனோம். தம்பியும் எறக்கிக்கிட்டான். "மூணு மொட்டைக்கு நடுவுல நான் தான் அசிங்கமாத் தெரியிறேன்"னாரு வீட்டுக்காரரு. பந்தியில அவரே தம்பிக்கு எல போட்டு, அவரே சோறு வச்சாரு.

"போதும் மச்சான்."

"சாப்பிடு மாப்ள. இன்னும் கொஞ்சம்."

அம்புட்டுத்தான் பேசிக்கிட்டாங்க. நாலு வருஷத்துக்கு அது போதும்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இத உங்ககிட்டச் சொல்லியிருக்கவே மாட்டேன், அம்மன் காப்பாத்துனான்னு விளக்கப் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப எல்லாருக்கும் முடி வளந்துருச்சு. தம்பி எங்களோட தான் இருக்கான், பக்கத்துலயே தையல் கடைக்குப் போறான். சனிக்கிழமை நான் தான் எண்ணெய் வைக்கிறேன். மொத தடவை வச்சப்ப கை பழக்கத்துல உச்சிக்குப் போச்சு. சுழி இல்ல. ரெண்டும் இல்ல, பேருக்கு ஒண்ணு கூட இல்ல. முடி அம்புட்டும் வரிசை வரிசையா, தச்சு வச்ச மாதிரி ஒரே பக்கம் சாயுது. ஆபரேஷன் தழும்பு காதுக்கு மேல இருக்கு, உச்சியில கத்தியே படல. டாக்டர்கிட்டக் கேட்டதுக்கு, "அதனால என்னம்மா, ஆளு நல்லாத்தான இருக்காரு"ன்னாரு. நல்லாத்தான் இருக்கான்.

போன மாசம் அனிதா போன் பண்ணுச்சு. "அக்கா, தப்பா நெனக்காதீங்க, அந்த வெள்ளி விக்குல ஏதாச்சும் தடவுனீங்களா? பெட்டிக்குள்ள தான் வச்சிருக்கேன், கழுவிக் கழுவி வைக்கிறேன், உச்சியில மட்டும் தேங்காயெண்ணெய் பிசுபிசுங்குது. அதுவும் சனிக்கிழமை சனிக்கிழமை."

"வெட்டிராதம்மா, தூக்கியும் போட்டுறாத"ன்னு மட்டும் சொன்னேன். திருப்பி அனுப்பச் சொல்லலாம். அனுப்புனா அத எங்க வைக்கிறது, அப்புறம் யாரு தலைக்கு எண்ணெய் வைக்கிறதுன்னு யோசிச்சே சொல்லாம விட்டுட்டேன்.

இத எழுதுற இன்னைக்கும் சனிக்கிழமை தான். தம்பி பலகையப் போட்டு, தலையக் குனிஞ்சு ஒக்காந்துட்டான். "என்னக்கா பண்ற, காய்ச்சுன எண்ணெய் ஆறிப் போகுது"ங்கிறான்.