தொப்பியில் வந்த வண்டுகள்

ரப்பர் விலை படுத்த வருஷம், நானும் என் வீட்டுக்காரரும் எஸ்டேட்டை விட்டு வந்து, ஈப்போவுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் பயத்தங்காய் போட்டோம். அது காய்த்தால்தான் எங்களுக்குச் சோறு.

கொழுந்தெல்லாம் கறுப்பாகச் செடிப்பேன் அப்பியது. அதே கொழுந்தில் கறுப்புப் புள்ளி வைத்த சிவப்பு வண்டுகளும் திரிந்தன. புல்லோ பூச்சியோ மிஞ்சக்கூடாது என்று எஸ்டேட்டில் பழகிய கை. வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் டின்னில் போட்டேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காய்கறி போடும் சீனப் பெண் ஓடிவந்து டின்னைப் பிடுங்கினாள். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"என் நெலத்துல ஒனக்கு என்ன வேல?" என்று கத்தினேன்.

"ஜாங்கான், அக்கா! கொல்லாத! இது நல்ல பூச்சி லா!" என்று மலாயும் அரைகுறைத் தமிழும் கலந்து சொன்னாள்.

தப்பிய ஒரு வண்டைக் கொழுந்தில் விட்டாள். அது பேன்களைத் தின்னத் தொடங்கியது. டின்னில் கிடந்தவையெல்லாம் செத்திருந்தன.

மறுநாள் காலையில் தன் ஓலைத்தொப்பியைத் துணியால் மூடிக் கொண்டுவந்து, என் கொடிகளில் உதறினாள். புள்ளியே இல்லாத சிவப்பு வண்டுகள். எங்கள் நிலத்தில் நான் பார்த்திராதவை. கொஞ்ச நாளில் கொழுந்து பச்சையாயிற்று.

முதல் காய்களை மடியில் கட்டிக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனேன். அவள் கொடிகளில் பேன் கறுப்பாக அப்பியிருந்தது.

"ஒனக்கு வண்டு வேணாமா?" என்றேன்.

"ஒன்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே, அக்கா."

காய்களைக் கொடுத்துவிட்டு, அவள் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டு பிடிக்க என் நிலத்துக்கு ஓடினேன்.

இப்போது இரண்டு வகையும் என் கொடிகளில் திரிகின்றன. புள்ளி இல்லாத ஒன்று கையில் ஏறினால், அது தானாகப் பறக்கும்வரை கையை அசைக்கமாட்டேன்.