விமானத்துக்குப் போன கம்மல்

ஒன்பது வயது வரை என் காதுகள் மூளியாக இருந்ததற்குக் காரணம் ஒரு விமானம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அந்த விமானம் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தக்காளிக் கொட்டகையில் இன்னமும் நிற்கிறது. ஒரு நாளும் பறந்ததில்லை. அதன் இறக்கையில் சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி மாட்டி வைத்திருப்பதாக அப்பா எப்போதாவது சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பாசம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமா, இன்னொரு கம்பெனியில் வெல்டர். கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த ஊரில் எங்களுக்கு என்று இருந்த ஒரே சொந்தம் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கம்மலும் அவர்தான் கொண்டுவர வேண்டும். மாமன் உயிரோடு இருக்கும்போது அவன் இல்லாமல் குத்தினால், அவனை உறவில் வைக்கவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் மடியில் உட்கார வேண்டும், கம்மல் கிடைக்கும் என்பது மட்டும்.

மற்ற பிள்ளைகளுக்கு மூன்று வயதில் நடப்பது எனக்குத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் ஊரில் தாத்தா இறந்துவிட்டார். அடுத்த வருஷம் மாமாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காது என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேலி செய்தார்கள். மூன்று மொழியிலும் புரிந்து தொலைத்தது. கடைசியில் ஓர் ஆவணியில் குலதெய்வக் கோயிலில் காது குத்து என்று முடிவானது. மாமா சிவப்புக்கல் வைத்த கம்மல் வாங்கி, தீப்பெட்டி அளவு டப்பாவில் வைத்து எனக்கு மட்டும் காட்டினார். தொடக்கூடாது, பார்க்கலாம் என்றார். நான் தினமும் பார்த்தேன்.

அப்போதுதான் விமானம் வந்தது. பெங்களூரில் யாரோ ஒரு பெரியவர் வீட்டு கேரேஜில் பத்து வருஷம் கட்டிப் பாதியில் விட்டது. இரண்டு பேர் உட்காரும் வண்டி. எலும்புக்கூடு இருந்தது, இறக்கை இருந்தது, எஞ்சின் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், இடத்தைக் காலி செய்தால் போதும் என்று கிட்டத்தட்ட இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். மாமாவும் அப்பாவும், தக்காளி பயிரிடும் ஒரு விவசாயியும் கூட்டுச் சேர்ந்தார்கள். விவசாயிக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவருடைய கொட்டகையில்தான் விமானம். ஆகிற செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. பறக்க அனுமதி வேண்டாமா என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அதெல்லாம் கட்டி முடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேறெந்த விஷயத்திலும் அவர்கள் அப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

எஞ்சின் வாங்கும் நேரம் வந்தபோது அப்பா பி.எஃப். பணத்தில் கை வைத்தார். விவசாயிக்கு அந்த வருஷம் தக்காளி விலை கைகொடுத்தது. மாமாவிடம் இருந்தது என் காது குத்துக்கு என்று சேர்த்த பணமும் அந்தக் கம்மலும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பாப்பா, நீயே சொல்லு. கம்மல் இப்பவே வேணுமா, இல்ல பிளேன்ல சீட் வேணுமா? மொத ஆளா ஒன்னத்தான் ஏத்துவேன்."

"அவகிட்ட ஏன்டா கேக்க? என்கிட்டக் கேளு" என்றாள் அம்மா.

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று ஆண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று விருந்துக்கு வந்திருந்த விவசாயி கூடச் சோற்றில் கை வைத்தபடி காத்திருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? பிளேன் என்றேன். "புள்ளையே சொல்லிருச்சு, அப்புறம் என்ன?" என்று அப்பா சிரித்தார். அம்மா மோர் ஊற்ற எழுந்தவள் ஊற்றாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்த இடத்தில்தான். கம்மலை விற்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு விற்றிருக்கலாம். திருடியிருந்தாலும் பரவாயில்லை. செய்ய முடிவு செய்துவிட்ட காரியத்துக்கு என் வாயிலிருந்து சம்மதம் பிடுங்கினார்களே, அதை மன்னிக்க எனக்கு மனசில்லை. பிறகு எப்போது காது குத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "நீதான சொன்ன" என்பார் அப்பா.

எஞ்சின் வந்தது. ஞாயிறுதோறும் நானும் கொட்டகைக்குப் போவேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அது என் சீட். கம்மல் கொடுத்து வாங்கியது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவளிடமெல்லாம் அதைச் சொல்லியிருந்தேன். வேலை முடியட்டும், உன் வீட்டுக்கு மேலேயே வருகிறேன் என்று நாள்கூடக் குறித்திருந்தேன்.

அவர்கள் செய்த தப்பு என்ன என்பது எடை போட்ட அன்று தெரிந்தது. விமானத்தோடு வந்த புத்தகத்தில் ஒவ்வொரு பாகமும் இன்ன அலுமினியத்தில், இன்ன கனத்தில் என்று போட்டிருந்தது. இவர்கள் இருவரும் கம்பெனியில் பழகிய கைக்காரர்கள். அங்கே ஒரு பாகம் உடைந்து திரும்பி வந்தால் மெமோ. கனமாக இருப்பதற்காக யாரும் மெமோ கொடுத்ததில்லை. அதனால் கையில் எடுத்ததையெல்லாம் இரும்பில், புத்தகத்தில் போட்டதைவிடக் கொஞ்சம் பலமாகவே செய்து வைத்திருந்தார்கள். "கெடக்கட்டும் மச்சான், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று மாமா சொல்வதும், "ஆமா மாப்ள" என்று அப்பா தலையாட்டுவதும் வாராவாரம் என் காதில் விழுந்ததுதான்.

தக்காளிப் பெட்டி நிறுக்கும் மூன்று எடை மிஷின்களை மூன்று சக்கரத்துக்கும் கீழே வைத்து நிறுத்தார்கள். அப்பா கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார். புத்தகம் சொன்ன எடைக்கு மேலே அறுபது கிலோ.

"ஏம் சார், நாம செஞ்சது ஏரோப்ளேனா, தக்காளி லாரியா?" என்றார் விவசாயி.

எதைக் கழற்றுவது என்று மூன்று பேரும் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் பின்சீட்டிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய அவர்களுக்கு மனசு வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். என்னையா சீட்டையா என்று தெரியவில்லை.

"பின்னாடி சீட்டையும் அதோட ஃப்ரேமையும் கழட்டிட்டா ஒரு ஆளு எடையும் மிச்சம். ஒத்தை ஆளு ஓட்டுறதுக்குத் தாங்கும்" என்றார்.

மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாப்பா, எறங்கு."

"அப்ப என் கம்மலு?"

விவசாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா, பெரியவர்கள் பேசும்போது என்ன பேச்சு என்று அதட்டினார். "பறக்கட்டும் பாப்பா, ஒனக்கு வைரத்துலயே போடுறேன்" என்றார் மாமா. நான் இறங்கவில்லை. அப்பாதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி என்னைக் கீழே விட்டார். நான் நின்றிருக்கும்போதே நான்கு போல்ட்டையும் கழற்றினார்கள். சீட்டைக் கொண்டுபோய் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். நான் அழவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மறுநாள் அம்மா, யாருக்கும் சொல்லாமல், பாகலூர் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு என்னைக் கூட்டிப் போனாள். காது குத்தும் துப்பாக்கி வைத்திருந்த கடைக்காரப் பெண், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். பெரியவர் யாராவது பிடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். அம்மா வேண்டாம் என்றாள். டப், டப் என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான். கடுகு மாதிரி இரண்டு பொட்டுத் தங்கம். வெளியே வந்ததும் அம்மா அழுதாள். பணம் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு நைட் ஷிஃப்ட், சாப்பிட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே அப்பாவோடு கொட்டகைக்குப் போனேன். உன் கம்மல் இல்லாமலே எனக்கு ஆயிற்று பார் என்று அவர் மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும். வழியெல்லாம் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மாமா எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தார். கூப்பிட்டேன். எழுந்து வந்தார். தலைமுடியை ஒதுக்கி இரண்டு பக்கமும் காட்டினேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தபிறகும் துடைத்தார்.

"அக்காவா கூட்டிட்டுப் போச்சு?"

"ஆமா."

"யாரு மடியில ஒக்காந்த?"

"மடியெல்லாம் இல்ல. ஸ்டூல்ல."

அப்படியே அந்த உர மூட்டைகளிடம் போய், கழற்றிப் போட்டிருந்த என் சீட்டின் மேல் உட்கார்ந்தார். அன்று ஸ்பேனரை வைத்தவர் பிறகு அதைத் தொடவேயில்லை. அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை மாறிப் போனார்; அவர் பங்கு நின்றதோடு விமானமும் நின்றது. அதெல்லாம் பிறகு. அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், வைத்திருந்த கோபமெல்லாம் எனக்குக் குழம்பிப்போனது. எனக்குக் காது வலித்திருக்கும் என்று நினைத்துத்தான் வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று தோன்றியது. பக்கத்தில் போய் நின்றேன்.

"வலிக்கவே இல்ல மாமா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டிருக்காது என்று, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.