கேட் மாறிவிட்டது

என் நாத்தனார் மஸ்கட்டில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட வருஷம்தான் நானும் என் மாமியாரும் முதல் தடவையாக விமானம் ஏறினோம். அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை போய் மூன்று மாதம் இருப்பது, நான் கூடப்போய்க் கொண்டு விட்டுவிட்டு இரண்டு வாரத்தில் திரும்புவது என்று முடிவாயிற்று. மலையாள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பு. மாடுகளை விட்டுவிட்டு என் கணவரால் நகர முடியாது.

அவர்தான் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். டிக்கெட் இல்லாதவர்கள் வாசலோடு சரி. வழியனுப்ப வந்தவர்கள் உட்கார அங்கே ஒரு பெஞ்சுகூட இல்லை. எல்லோரும் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே அழுதார்கள், சிரித்தார்கள். நாங்கள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவர் கண்ணாடிச் சுவரில் இரண்டு கைகளையும் குவித்து வைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில். அவருக்குக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்திருக்கும். அத்தை அவருக்கு நேர் எதிரே நின்று கையை ஆட்டினார்.

“என்ற பையன் என்னையப் பாக்கவே மாட்டீங்கறானே.”

“அவருக்குத் தெரியாதுங்கத்தை. நமக்குத்தான் தெரியுது.”

“இதென்ன சொவரு கண்ணு,” என்றார்.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது. கூரை எங்கேயோ மேலே இருந்தது. எழுத்துப் பலகைகளும் அந்த உயரத்திலேயே தொங்கின. கழுத்து வலிக்க அண்ணாந்து படித்து, அடுத்த பலகை வரும்வரை நடந்து, அது வேறு எதையோ சொல்வதைக் கண்டு திரும்பி வந்தோம். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. தண்ணீர் கிடக்கிறதென்று அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஈரமில்லை என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. மகள் வழுக்கி விழுந்த கதை அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

சோதனை முடிந்து வெளியே வந்தால் நேராக வழி இல்லை. சென்ட், சாக்லேட், கடிகாரம் என்று கடைகளுக்குள் வளைந்து வளைந்துதான் போக வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்காரர் எவரும் அந்த வழியைப் போட்டிருக்க முடியாது. நடுவில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. அத்தை ஒரு கடையில் சாக்லேட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த மேடையின் ஓரத்தில் உட்காரப் பார்த்தார். கடைப் பெண் பதறி ஓடிவந்தாள்.

எங்கள் கேட் ஒரு கோடியில் இருந்தது. அங்கே நாற்காலிகள் தாராளம். அத்தையை உட்கார வைத்தேன்.

“நான் பாத்ரூம் போயிட்டு வந்தர்றனுங்கத்தை. ரெண்டு பையும் உங்ககிட்டயே இருக்கட்டும். இங்கிருந்து எந்திரிக்காதீங்க.”

“நான் எங்க கண்ணு போறேன்? போயிட்டு வா.”

பாத்ரூம் மறு கோடியில். பெண்கள் பக்கம் வாசல் வரைக்கும் வரிசை. ஆண்கள் பக்கம் காலி. எல்லா ஊரிலும் இப்படித்தான் கட்டுகிறார்கள் போல.

திரும்பி வந்தபோது நாற்காலிகள் அத்தனையும் காலி. அத்தை இல்லை, பைகள் இல்லை. பாஸ்போர்ட்டுகளும் போர்டிங் பாஸ்களும் அந்தப் பைகளுக்குள். அத்தையின் போனும் அதற்குள்தான், அணைத்து வைத்திருந்தோம். என் கையில் இருந்தது என் போன் மட்டும். திரையில் எங்கள் விமானத்துக்கு எதிரே வேறொரு கேட் எண் எரிந்தது. அங்கே மைக்கில் எதையும் அறிவிப்பதில்லையாம், அமைதியாக இருக்க வேண்டுமென்று. திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அத்தைக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

புது கேட் கீழ்த்தளத்தில். மின்படியில் ஆட்களை விலக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். வரிசை பாதி கரைந்திருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அத்தை இல்லை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

“பேடிக்கண்டா சேச்சி, நோக்காம்,” என்று பயப்பட வேண்டாமெனச் சொல்லி அவள் போனை எடுத்தாள்.

அப்போது வரிசையின் முன்னால் நின்ற ஒருவர் திரும்பினார். முப்பது வயசு இருக்கும்.

“அக்கா, வயசான அம்மாவத் தேடுதீகளா? பச்சைச் சேலை?”

“ஆமாங்க!”

“மேலதான் இருக்காக. எங்க கூடத்தான் எந்திரிச்சு வந்தாக. மின்படியப் பாத்ததும் காலு வைக்க மாட்டேன்னு நின்னுட்டாக. லிப்ட்டுல போவோம்னா, மருமக வராம எங்கயும் வரமாட்டேங்காக. எம் பொஞ்சாதி அவுக கூட நிக்கா. இன்னும் மூணு பேரு வரணும்னு இவுககிட்டச் சொல்லி வைக்கத்தான் நான் மட்டும் வந்தேன். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, நான் இங்கனயே நிக்கேன்.”

மறுபடி மேலே ஓடினேன். மின்படிக்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய தூண். அதன் பின்னால் லிப்ட். அதற்கு எதிரே ஒரு சின்னப் பெட்டியின் மேல் அத்தை உட்கார்ந்திருந்தார், எங்கள் இரண்டு பைகளையும் மடியில் கட்டிப்பிடித்தபடி. ஒரு இளம்பெண் அவர் தோளில் கை வைத்து நின்றாள். பெட்டி அவளுடையது. இறங்கி ஓடும்போது அந்தத் தூணை ஒட்டித்தான் போயிருக்கிறேன். லிப்ட் அங்கே இருப்பது தெரிந்தால்தானே திரும்பிப் பார்ப்பதற்கு?

என்னைப் பார்த்ததும் அத்தை எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க அம்முணி. பிளேன் கெளம்பிருச்சாக்கும்னு நானும் பின்னாலயே வந்துட்டேன். நீ இல்லாம நான் போயி என்ன பண்றது? நீ இங்க கெடந்து அழுவியேன்னு நின்னுட்டேன்.”

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அந்தப் பெண் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டியபடி, “அழுறத பிளேன்ல போய் அழுங்கக்கா, வாங்க,” என்றாள். லிப்ட்டில் இறங்கினோம். அவள் வீட்டுக்காரர் சொன்னபடி கவுன்டரை ஒட்டி நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் கயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

அவர்கள் பள்ளிவாசல் என்கிற மலையூர்க்காரர்கள். இருவர் வீட்டிலும் பெற்றோர் தேயிலைத் தோட்டத்து வேலை. அவர் மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார், கல்யாணம் முடிந்து அவளை முதல் தடவையாகக் கூட்டிப்போகிறார். அந்தப் பெண்ணுக்கும் அதுதான் முதல் விமானம் என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தானும் மின்படியில் ஏறியதில்லை, அத்தை நின்றது தனக்கும் நல்லதாகப் போயிற்று என்று சொல்லிச் சிரித்தாள்.

மஸ்கட்டில் அந்த மூன்று மாதமும் அவள்தான் அத்தைக்குத் துணை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து நாத்தனாருக்குத் தலைவாரி விடுவாள். அத்தை அவளுக்கு எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோறு செய்யக் கற்றுக்கொடுத்தார். அவள் பேசும் தமிழை அத்தை கேலி செய்வார், அத்தையின் ‘ங்க’வை அவள் கேலி செய்வாள். போனில் இரண்டு குரலும் சேர்ந்தே கேட்கும்.

அதற்குப் பிறகு நான் நாலைந்து விமான நிலையங்களைப் பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் முதலில் லிப்ட் எங்கே, பாத்ரூம் எங்கே, உட்கார இடம் எங்கே என்று பார்க்கிறேன். கூரையைப் பார்ப்பதில்லை. நன்றாகக் கட்டியவையும் இருக்கின்றன. ஒன்றில் தரையிலேயே கோடு போட்டு வழி காட்டியிருந்தார்கள், குனிந்த தலையோடு நடக்கிறவர்களும் தப்பாமல் போய்ச் சேரலாம்.

இந்த வருஷம் நாத்தனாரின் மூத்தவள் வயசுக்கு வந்தாள், அவளுக்குச் சீர். அத்தை மறுபடி மஸ்கட் கிளம்பினார். நான் வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

“நீ எதுக்கு கண்ணு? பள்ளிவாசல்காரி ஊருக்கு வந்திருக்கா. அவகூடப் போயிக்கறேன்,” என்றார்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தேன், போனை அணைக்க வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் கூப்பிட்டாள். சக்கர நாற்காலியில் அத்தை பைகளை ஏற்றிவிட்டு, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டாராம்.