நாலாம் நாள் வண்டி கட்டினேன்

என் மனைவி மகளைப் பார்க்கவேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவது வருட மழைக்குப் பிறகு அதைச் சொல்லும் விதம் மாறியது. "பார்க்கணும்" என்பதை விட்டு, "இந்தக் கண்ணு இருக்கறப்பவே பாத்துடணும்" என்றாள்.

அவளுடைய இடது கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோயிருந்தது. வலது கண்ணில் புரை விழுந்து வளர்ந்துகொண்டிருந்தது. எதிரில் இருப்பவர் ஒரு முழத்துக்குள் வந்தால் முகம் தெரியும். தள்ளிப் போனால் யாரோ நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். அடுத்த மழைக்குள் அதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் இருந்தது ஏரியின் வடகரையில், வீட்டுக்கு வீடு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஒரு குப்பம். மகளைக் கொடுத்தது தென்கோடியில், எண்ணூர்ப் பக்கம் போகிற உப்பங்கழியின் கரையில். கொடுத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இடையில் ஏரி முழுவதும் கிடந்தது. பிரசவத்துக்குக்கூட அவள் வரவில்லை, இவளும் போகவில்லை. நான் உலாந்தாக்காரர் எனும் டச்சுக்காரர் கப்பலில் லஸ்கராக, கூலி மாலுமியாகப் போய் வருடக்கணக்கில் திரும்பாமல் இருந்தேன். திரும்பி வந்த பிறகும் வீட்டில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து துணி மூட்டைகளைக் கப்பலுக்கு ஏற்றும் தோணியில் வேலை பார்த்தேன். இவள் இறால் பிடித்து, விற்று, மகனை வளர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை யாரிடம் விட்டுவிட்டு அவள் போவது?

மகன் தலையெடுத்ததும் நாங்கள் இரண்டு பேரும் வேலையை நிறுத்தினோம். மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியிடம் ஒற்றை மாட்டு வண்டி ஒன்றை இரவல் வாங்கினேன். மார்கழி பாதியில், மழை நின்று வண்டிப் பாட்டை காய்ந்த பிறகு, தெற்கே கிளம்பினோம். வழியில் திருப்பாலைவனத்தில் என் அக்கா வீடு. காட்டூரில் என் மனைவியின் தம்பி வீடு. கடைசியில் மகள்.

எனக்கு மாடு ஓட்டத் தெரியாது. நுகத்தில் மாட்டைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால் என் கை தானாகத் துடுப்பைத் தேடியது. வாடைக்காற்று முதுகில் அடித்தது. அவள் வைக்கோல் மேல் உட்கார்ந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "யோவ், பாய் விரிக்கிறியா? காத்து நல்லா கீதே" என்று கேலி செய்துகொண்டு வந்தாள். திருப்பாலைவனம் சேரும்வரை இரண்டு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு பெண்ணையும் காட்டி, "நம்ம பொண்ணு இந்த ஒசரம் இருப்பாளா?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

திருப்பாலைவனத்தில் அக்கா எங்களைப் பார்த்ததும் முதலில் என்னைத் திட்டினாள், பிறகு சோறு போட்டாள். அவள் வழக்கம் அது. சாப்பிடும்போது என் மனைவி குழம்புச் சட்டி இருக்கிற திசையை விட்டு வேறு பக்கம் கை நீட்டியதைப் பார்த்துவிட்டாள்.

"டேய் தம்பி, பழவேற்காட்டுல ஒரு சாயபு கீறாரு. புரை குத்துறவரு. என் கொழுந்தனுக்கு குத்தினாரு. இப்ப அவன் மீன் வலைல கண்ணியக்கூட எண்ணுறான்டா."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. மகளைப் பார்ப்பதுதான் பார்க்கிறாள், நன்றாகப் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"இருக்கறது போதும்யா. பக்கத்துல ஒக்கார வெச்சி பாத்துக்கறேன். பாத்துட்டு திரும்பி வரப்ப குத்திக்கறேன்."

"மூட்டத்துல பாக்கறது ஒரு பாக்கறதா? ஒரு வாரம் படுத்தா போதும்னுதானே அக்கா சொல்றா?"

"கெட்டுப் போச்சின்னா?"

"அக்கா கொழுந்தனுக்கு கெட்டா போச்சி?"

அக்காவும் என்னோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பேராகப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தோம்.

சாயபு வயதானவர். கை மட்டும் நடுங்கவில்லை. வெயில் விழும்படி அவளை முற்றத்தில் உட்காரவைத்தார். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். ஊசி உள்ளே போனபோது என் கையில் அவள் தலை ஒரு முறை துடித்தது. அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். ஊசியை எடுத்துவிட்டு அவர் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு" என்றாள்.

ஐந்து காட்டினார். "அஞ்சி. கட்ட விரல்ல மோதரம்."

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னையே பார்த்தாள்.

"இன்னாயா இது? இவ்ளோ கெழவனாயிட்டியா நீ? ஒரு மயிருகூட கறுப்பா இல்ல. நான் யாரோடயோ வண்டில வந்துக்கினு இருந்தேனா?"

சாயபுகூடச் சிரித்துவிட்டார். உடனே கண்ணுக்குமேல் பஞ்சு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். புரையை அவர் எடுக்கவில்லை, ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளியிருக்கிறார். அது கீழே படிந்து உட்கார ஏழு நாள் வேண்டும். அதுவரை மல்லாந்து படுத்திருக்கவேண்டும். தும்மக்கூடாது, இருமக்கூடாது, குனியக்கூடாது. தலை ஆடினால் புரை மேலே வரும். ரத்தம் கட்டினால் கண் போய்விடும். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழி இல்லை.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அதில் அவளைப் படுக்கவைத்தேன். மூன்று நாள் அவள் கட்டை போலக் கிடந்தாள். கூழைக் கரண்டியால் ஊற்றினேன். மற்ற நேரத்தில் எனக்கு வேலை இல்லை. சாயக்காரர் தெருவில் நடந்தேன். துணிகளைச் சாயத்தில் முக்கித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்கள். கோட்டைச் சுவர் ஓரமாக நடந்தேன். துறையில் பழைய தோணி ஆட்கள் இருந்தார்கள், அவர்களோடு பேசினேன். பேச்சு தீர்ந்தது. மூன்றாம் நாள் மதியம் அந்தத் தெருக்களை எட்டு முறையோ பத்து முறையோ சுற்றிவிட்டேன். எழுத்துப் படிக்க அனுப்பிய இடத்திலிருந்து சின்ன வயதில் ஓடிப்போனதும் இப்படித்தான். மணலில் பாதி எழுத்து எழுதியிருக்கும்போதே கால் எழுந்துகொள்ளும்.

நாலாம் நாள் காலை சாயபு பொன்னேரியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். நான் மாட்டைப் பூட்டினேன்.

"நாலு நாள்தானயா ஆவுது?" என்றாள்.

"மெதுவா ஓட்றேன். வைக்கோலு நெறைய போட்டுக்கீறேன். மீதி நாள உன் தம்பி வீட்ல படு. ஒரே பொழுது பயணம்."

"பொண்ண பாக்கறதுக்கு அவசரமா? இல்ல உனக்கு ஒக்கார முடியலியா?"

"ரெண்டுந்தான்."

அவளுக்கும் மகள் நினைவு இருந்தது. அதனால்தான் வந்தாள். அவளாக எழுந்திருக்கவிடாமல் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் படுக்கவைத்தேன்.

காட்டூருக்குப் பாட்டை மேற்கே சுற்றிக்கொண்டு போகிறது. பாதி வழியில் ஏரியிலிருந்து ஓர் ஓடை உள்ளே வருகிறது. அதைக் கடந்துவிட்டால் சுற்று மிச்சம். கடல் வற்றுகிற நேரம். ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. அந்த இடத்தில் நான் நூறு தடவை தோணியைக் கழி ஊன்றித் தள்ளியிருக்கிறேன். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். கழி ஊன்றினால் நிற்கிற மண் அது. கழி நிற்கிற மண்ணில் வண்டிச் சக்கரம் நிற்காது என்பது ஒரு வண்டிக்காரச் சிறுவனுக்குத் தெரிந்திருக்கும். தோணிக்காரனான எனக்குத் தோன்றவில்லை.

நடு ஓடையில் வலது சக்கரம் அச்சு வரை இறங்கியது. நான் வண்டியை விட்டு இறங்கி, அவளைத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு, ஆள் தேடிக்கொண்டு வந்திருக்கவேண்டும். நான் மாட்டை அடித்தேன். கத்திக் கத்தி அடித்தேன். மாடு பயந்து ஒரே எம்பாக எம்பியது. வண்டி சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு குதித்தது. அவள் வைக்கோலோடு சரிந்து போய்த் தலை பக்கப் பலகையில் மோதியது.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் கண் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"ஓட்டு."

காட்டூரில் அவள் தம்பி எங்களை இறக்கினான். வண்டியில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தான். "ஓடைலயா வந்த மாமா? பாட்ட மேலயே வந்துருக்கலாமே" என்றான். அவனே பழவேற்காட்டுக்கு ஓடிப்போய் அடுத்த நாள் சாயபுவைக் கூட்டிவந்தான். அவர் கட்டை அவிழ்த்தார். கண் முழுவதும் சிவந்து, நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. விரலைக் காட்டினார். அவள் பதில் சொல்லவில்லை. கையை வெயிலுக்குக் குறுக்கே கொண்டுவந்தார். "இருட்டாச்சி" என்றாள். கையை எடுத்தார். "வெளிச்சம்." அதற்குமேல் எதுவும் இல்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வலிக்கு ஒரு சாற்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பத்து நாள் அந்த வீட்டில் வைத்து நிறையச் சொன்னாள். "கப்பல்லயே செத்துத் தொலஞ்சிருந்தா என் பொண்ண பாத்திருப்பேன்" என்றுகூடச் சொன்னாள். அவள் தம்பி வெளியே போய் நின்றுகொண்டான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் நாள் அவளாகவே, "வண்டி கட்டு. இங்கிருந்து திரும்பியா போறது?" என்றாள்.

பாட்டையிலேயே ஓட்டினேன். மகளின் குப்பம் நெருங்கும்போது என் மனைவி தலையைக் கோதி முடிந்துகொண்டு, "அவகிட்ட எதுவும் சொல்லாத. பாத்ததும் அழ ஆரம்பிப்பா. மொதல்ல கொஞ்சம் பேசிக்கறேன்" என்றாள்.

மகள் வண்டிச் சத்தம் கேட்டுக் குடிசையிலிருந்து வந்தாள். "யம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். இவள் அவளுடைய மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி இப்டி எளச்சிட்ட?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "வேலைம்மா. ஒக்கார நேரம் இல்ல" என்று சிரித்தாள். பிறகு சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதோ பாரும்மா உன் பேத்திய" என்று நீட்டினாள். குழந்தை சத்தம் போடவில்லை. என் மனைவி வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "நைனா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குழந்தையை மெதுவாக இவள் மடியில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டே, "உன்னாட்டமே மூக்கு இதுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குடிசைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தோம். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. மகள் தள்ளி நின்று கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கதான கீறா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"எப்டி கீறா, சொல்லு."

"நல்லாத்தான் கீறா."

"அத கேக்கல. மூஞ்சி எப்டி கீது?"

நான் மகளைப் பார்த்தேன். ஒரு முகத்தைச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை. "நெத்தி நல்லா அகலம். மூக்கு கூரு. தாட கொஞ்சம் நீளம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "யோவ், நெத்தி சின்னதுயா அவளுக்கு. நீ சொல்றது உங்க அக்கா மூஞ்சி."

மறுபடி பார்த்தேன். எனக்கு அகலமாகத்தான் தெரிந்தது. முடியை இழுத்துக் கட்டியிருந்ததால் அப்படித் தெரிந்ததா, முன்பிருந்தே அப்படியா, சொல்ல முடியவில்லை.

"கன்னம் ஒட்டிப் போச்சா? இல்ல முன்ன மாதிரியே கீதா?"

முன்னே எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் பிறந்தபோது நான் கடல் தாண்டிப் பத்தாவியாத் துறைமுகத்தில் இருந்தேன். நடக்க ஆரம்பித்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்தேன். கல்யாணத்துக்கு முதல்நாள்தான் வந்துசேர்ந்தேன்.

"முன்ன மாதிரியேதான்" என்றேன்.

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். "கூப்டு அவள. நானே தொட்டுப் பாத்துக்கறேன்" என்றாள்.

கூப்பிட்டேன். மகள் கையில் இருந்த மீன் வாடையை மணலில் தேய்த்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, முகத்தை நீட்டிக்கொடுத்தாள். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.