எங்கள் கூடத்தில் மைனஸ் நூற்றிருபத்தேழு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருநாள் காலை மைனஸ் நூற்றிருபத்தேழு டிகிரி குளிர் அடித்தது. திருவனந்தபுரத்தில், கோட்டைக்குள், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தக் குளிரில் அப்பா வெறும் மேலோடு உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவே எண்பத்தைந்து டிகிரி ஆயிற்று. நான் அப்போது நாலாம் வகுப்பு. நூறில் தண்ணீர் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்ததால், மீன்கள் வெந்துவிட்டன என்று அலறிக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். அவை பாட்டுக்கு வளைய வந்துகொண்டிருந்தன.

இத்தனைக்கும் காரணம் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, கல்யாணம் ஆகவில்லை, கையில் நேரம் இருந்தது. நேரம் இருக்கிற சித்தப்பா ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை எங்களைக் கேட்டால் சொல்வோம். வெங்காயம்கூட யோசித்து வாங்குகிற எங்கள் வீட்டுக்குள் அவர் டிஸ்கஸ் என்ற ஜாதி மீன்களைக் கொண்டுவந்து இறக்கினார். அப்பளம் மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். அப்பா வாயால் மீன் என்று சொல்லமாட்டார். ‘உன் ஜீவன்கள்’ என்றுதான் சொல்வார். தொட்டிப் பக்கம் போகவும் மாட்டார்.

அந்த ஜீவன்களுக்குத் தண்ணீர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கவேண்டுமாம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துத் தண்ணீர் குளிர்ந்தால் நோய் வந்து செத்துவிடுமாம். அதனால் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற கண்ணாடிக்குழல் ஹீட்டர் ஒன்று வந்தது. சூட்டைப் பார்த்து ஹீட்டரை அணைக்கவும் போடவும் ஒரு கருவி வேண்டும். கடையில் அது கிடைக்கும். கிடைப்பதை வாங்கிவிட்டால் அவர் என்ன சித்தப்பா? சாலைக் கடைத்தெருவில் அலைந்து சின்ன சர்க்யூட் போர்டு, சிவப்பு எண் காட்டும் பெட்டி, நீண்ட வயரின் நுனியில் ஸ்டீல் மூடி போட்ட சென்சார் எல்லாம் வாங்கினார். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து தானே கட்டினார். சென்சாரைத் தொட்டியில் போட்டு, வயரைச் சுவரோரமாக இழுத்து, எண் பெட்டியை எதிர்ச்சுவர் ஜன்னல் மாடத்தில் வைத்தார். எண்ணை வாசித்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டு நாள் இருபத்தெட்டு என்று சமர்த்தாகக் காட்டியது. மூன்றாம் நாள் பைத்தியம் பிடித்தது. எண்பத்தைந்துக்குப் பயப்பட வேண்டாம் என்றார் சித்தப்பா. எண்பத்தைந்து என்றால் சென்சார் இப்போதுதான் முழித்துக்கொண்டது, இன்னும் அளக்கவில்லை என்று அர்த்தம். மைனஸ் நூற்றிருபத்தேழு என்றால் சென்சாரையே காணவில்லை என்று அர்த்தம்.

“கண் முன்னாடி தொங்கிண்டிருக்கே, எப்படிக் காணாமப் போகும்?” என்று அம்மா கேட்டாள்.

“அது போர்டுக்குத் தெரியலை மன்னி. கண்டுபிடிச்சுடலாம், கொழப்பமில்லை,” என்றார் சித்தப்பா.

அந்த மாதம் முழுவதும் எங்கள் கூடம் ஒர்க்‌ஷாப் ஆனது. சென்சாரை மாற்றினார். வயரை மாற்றினார். போர்டுக்குக் கரண்ட் கொடுத்த போன் சார்ஜரை ஒருநாள் எடுத்துவிட்டுப் பாட்டரி போட்டார், அதற்காக என்னுடைய பொம்மை ரயிலின் பாட்டரி போயிற்று. கடைசியில், தாறுமாறாக வருகிற எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சராசரியை மட்டும் காட்டும்படி புரோகிராமைத் திருத்தி எழுதினார். பெட்டி மறுபடி இருபத்தெட்டு என்றது.

“அப்போ தப்பா வந்தா காட்டவே காட்டாதா?” என்றாள் அம்மா.

“காட்டாது மன்னி.”

“நன்னாருக்கு,” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

இன்னொரு தொல்லையும் அப்போது இருந்தது. வீட்டில் எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக டப்பென்று விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடுகிற ஸ்விட்ச் ஒன்று மெயின் போர்டில் உண்டு. மழை தொடங்கியதிலிருந்து அது பொழுதுக்கும் விழுந்துகொண்டிருந்தது. பழைய வீடு, சுவரெல்லாம் ஈரம், அந்த ஸ்விட்சுக்குத் தொட்டாச்சிணுங்கி சுபாவம் என்றார் சித்தப்பா. ஃபேன் நின்று நின்று அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறி, “ஏதாவது பண்ணித் தொலைடா,” என்றார். சித்தப்பா ஒரு துண்டு வயரைப் போட்டு அந்த ஸ்விட்சைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போகும்படி செய்துவிட்டார். மழைக்காலம் முடிகிறவரைக்கும் மட்டும்தானாம். அப்புறம் ஃபேன் நிற்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

மீன்களுக்குக் காலையில் தீனி போடுவது அம்மாதான். சித்தப்பா எழுந்திருக்க எட்டு மணி ஆகும், மீன் யாருடையதானாலும் அதற்குப் பசிக்குமே. டிஸ்கஸுக்குக் கூச்சம் ஜாஸ்தி. தீனியை விரலில் பிடித்துத் தண்ணீருக்குள் காட்டினால்தான் கிட்டே வரும். அம்மா குளித்துவிட்டு ஈரப் புடவையும் ஈரக் காலுமாக வந்து, சுவாமி விளக்கேற்றுவதற்கு முன்னால் அதைச் செய்துவிட்டுப் போவாள். செய்துவிட்டு விரலை உதறுவாள்.

“தொட்டில கை வெச்சா தரிக்கறது, கேட்டேளா. எறும்பு கடிக்கறாப்பல,” என்று அப்பாவிடம் சொல்வாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நரம்புத் தளர்ச்சி. ராப்பகலா வேலை பண்ணினா அப்படித்தான்,” என்பார். ஒருநாள் ஞாபகமாக பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக்கொண்டும் வந்தார். சித்தப்பாவிடம் சொன்னால், “ஸ்டாட்டிக் ஆக்கும் மன்னி, ஒண்ணும் பண்ணாது,” என்பார். அவர் தினமும் தொட்டிக்குள் கையை விட்டுத்தான் சென்சாரை எடுத்துப் பார்க்கிறார், அவருக்கு ஒன்றும் தரிக்கவில்லை. குதிகால் வலிக்காக டாக்டர் சொல்லி வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பவர் அவர். அம்மாவோ செருப்போடு கூடத்தைத் தாண்டக்கூடாது என்று அவரோடு மல்லுக்கு நிற்பவள். சொல்லிப் பார்த்தாள், இன்னொரு நாளும் சொன்னாள். தினமும் சொன்னாள் என்றே சொல்லலாம்.

சராசரிகூட ஆட ஆரம்பித்த ஒரு வாரத்தில் நான்தான் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தேன். ஜன்னலடியில் உட்கார்ந்து ஷூ போடும்போது கவனித்தேன். அம்மா தீனி போடுகிற நேரத்தில்தான் எண் குதிக்கிறது. விரலை எடுத்ததும் இறங்கிவிடுகிறது. சித்தப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். “நீ பெரிய ஆளாக்கும்,” என்றார். அன்று பள்ளிக்கூடத்தில் நான் கால் தரையில் படாமல் நடந்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பரீட்சை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. புரோகிராமிலிருந்து சராசரியை எடுத்தாயிற்று. ஹீட்டரைப் போர்டிலிருந்து பிரித்து நேரே சுவரில் சொருகியாயிற்று, சந்தேகமே மிச்சமிருக்கக்கூடாதாம். அப்பாகூடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றார். அம்மா குளித்துவிட்டு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டோம்.

“மன்னி, ஒரே ஒரு தடவை கையை வெச்சு எடுங்கோ.”

அம்மா வைத்தாள். எண்பத்தைந்து என்று கத்தினேன். எடுத்தாள், இருபத்தெட்டு. சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு அவர் கையை வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. என்னைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏற்றிக் கையை வைக்கச் சொன்னார், ஒன்றுமில்லை. மறுபடி அம்மா. மைனஸ் நூற்றிருபத்தேழு. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “உன் சென்சாருக்கு மன்னியைக் கண்டா பயம்டா,” என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

“தரிக்கறதுன்னு சொன்னேனே. இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு,” என்றாள் அம்மா.

“வளையலா இருக்குமோ?” என்றார் சித்தப்பா. அம்மா வளையல்களை முழங்கைக்குத் தள்ளிக்கொண்டு வைத்தாள். அப்படியும் குதித்தது. இடது கையை வைக்கச் சொன்னார். அதற்கும் குதித்தது. குக்கர் வைத்திருக்கிறேன், போதுமா என்று அம்மா கேட்டாள்.

“கடைசியா ஒண்ணு மன்னி. சென்சாரைக் கைல பிடிச்சுண்டு கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கோ. அவ்ளோதான்.”

சென்சார் தொட்டியின் அடியில் கிடந்தது. அம்மா குனிந்து, ஒரு கையால் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை முழங்கைவரைக்கும் உள்ளே விட்டாள். நாங்கள் மூவரும் ஜன்னலைப் பார்த்து நின்றோம். அம்மாவுக்கு எங்கள் முதுகுதான் தெரிந்திருக்கும்.

மைனஸ் நூற்றிருபத்தேழு. அது அப்படியே நின்றது.

“சரி மன்னி, எடுக்கலாம்,” என்றார் சித்தப்பா. எண் மாறவில்லை. “எடுத்துடுங்கோ,” என்றார் மறுபடி. மாறவில்லை. “சே, ஹேங் ஆயிடுத்து,” என்று பெட்டியைத் தட்டினார். பட்டனை அழுத்தி முதலிலிருந்து ஓடவிட்டார். அணைந்து எரிந்து, மறுபடி மைனஸ் நூற்றிருபத்தேழு. நாங்கள் அந்தச் சனியன் பிடித்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்னால் ஏதோ படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். அம்மாவின் வளையல்கள் கண்ணாடி விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தன. அம்மாவின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா,” என்றேன்.

சித்தப்பா திரும்பிப் பார்த்துவிட்டு மரமாக நின்றார். ஆயுளில் எதையுமே அவசரமாகச் செய்தறியாத அப்பா, அன்றுவரை தொட்டிப் பக்கமே போகாத அப்பா, பாய்ந்து போய் ஹீட்டர் வயரை வெடுக்கென்று பிடுங்கினார். ப்ளக்கின் பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. அம்மா தரையில் சரிந்தாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அப்பா அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு, “தண்ணி, தண்ணி,” என்றார். எனக்குத் தண்ணீரைத் தொடவே பயமாக இருந்தது.

ஹீட்டரின் கண்ணாடிக்குழலில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். தொட்டி முழுவதும் கரண்ட். செருப்புக்காரருக்குத் தெரியவில்லை, ஸ்டூலில் நின்ற எனக்குத் தெரியவில்லை, தொடவே தொடாத அப்பாவுக்கும் தெரியவில்லை. வெறுங்காலோடு ஈரத்தில் நின்றவள் ஒருத்திதான். அந்த எண் ஒருநாளும் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேசிக் குதிக்கவில்லை, அம்மாவின் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்கு இறங்கும்போது குதித்தது. நாங்கள் அவளை நிற்க வைத்து, மறுபடி மறுபடி கை வைக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஆட்டோவில் மழையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா பேசினாள், என் தலை நனைகிறது என்றாள். உள்ளங்கையில் ஒரு தீக்காயம், வேறு ஆபத்தில்லை, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்புகிறோம் என்றார்கள். டாக்டர் ஒரு மலையாளிப் பெண். இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி அடித்திருக்கிறதா, கையில் தரிப்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

“இல்லை, இல்லை. இதுதான் முதல் தடவை,” என்றார் அப்பா.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

“அதே. ஆத்யமாயிட்டாணு,” என்றாள். ஆமாம், முதல் தடவைதானாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கண்டதைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. தினமும் சொன்னாளே. இன்று காலையில்கூடச் சொன்னாளே. கரண்ட் அடித்ததில் அம்மாவுக்கு மூளையில் ஏதோ அழிந்துபோய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், அம்மா கட்டுப்போட்ட கையோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பரிசோதித்துப் பார்த்தேன். என் நட்சத்திரம் என்ன என்று கேட்டேன், சொன்னாள். போன ஓணத்துக்கு எனக்கு எடுத்த பாவாடை என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை, கரை மாம்பழக் கலர், நீ அதில் பிரதமன் பாயசத்தைக் கொட்டிக்கொண்டாய் என்றாள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தாள். எல்லாம் இருந்தது.

“தொட்டில கை வெச்சா தரிக்கறதுன்னு தினமும் சொல்லிண்டிருந்தியே, அது ஞாபகமிருக்கா?” என்றேன்.

அம்மா பீன்ஸ் நாரை உரித்துப் போட்டாள். “அப்படியா சொன்னேன்?” என்றாள். “போய்ப் பாடத்தைப் படி.”

கூடத்துக்கு ஓடினேன். அப்பாவும் சித்தப்பாவும் காலித் தொட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். “அம்மாவுக்கு எல்லாம் ஞாபகமிருக்கு, அது ஒண்ணுதான் மறந்துபோச்சு, டாக்டர்கிட்டச் சொல்லணும்,” என்று மூச்சுவாங்கச் சொல்லி, எது என்பதையும் சொன்னேன்.

“அவ எப்போ அப்படிச் சொன்னா?” என்றார் அப்பா. உண்மையாகவே கேட்டார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். “உங்கிட்ட ஏதாவது சொன்னாளாடா?”

“எங்கிட்டயா? இல்லையே. சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?” என்றார் சித்தப்பா.

இருவரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கூடத்து நடுவில் நின்று யோசித்தேன். அம்மாவுக்கு மறந்தது சரி, அவளைக் கரண்ட் அடித்தது. இவர்கள் இரண்டு பேரையும் அது தொடக்கூட இல்லையே, இவர்களுக்கு எப்படி மறந்துபோயிற்று என்றுதான் எனக்கு விளங்கவேயில்லை.