முள் ஏறும்வரை

எங்கள் காரின் டாஷ்போர்டில், ரேடியோவுக்குக் கீழே, ஒரு சிறிய வோல்ட் மீட்டர் இருக்கிறது. வண்டியை எங்களுக்கு விற்றவர் பொருத்தியது. "பேட்டரி கொஞ்சம் பழசு. முள்ளு பன்னெண்டரைல நின்னா நல்லது. பன்னெண்டுக்குக் கீழ வந்தா உஷாராயிடுங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

அப்போது மகளுக்கு மூன்று வயது. வீசிங் உள்ளவள். கணவருக்கு ஷிப்ட் வேலை. நெமிலிச்சேரியில் எங்கள் தெருவுக்குள் மழை நாளில் ஆட்டோ வராது. அவளை ஆவடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் அந்தப் பழைய காரை வாங்கினோம். அது கிளம்பாமல் போனால்? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து முள்ளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால்தான் பேட்டரியின் உண்மையான பலம் தெரியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். காலையில் அவளுக்கு மருந்து கொடுத்ததும் கீழே போய் அப்படிப் பார்ப்பேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மாட்டேன். கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே எங்கள் ஜன்னல். புகை அவளுக்கு ஆகாது. மதியம் அவள் தூங்கும்போது இன்னொரு தடவை. மாலையில் துணி எடுக்கப் போகும் சாக்கில் மறுபடியும்.

முள் பன்னிரண்டரையிலிருந்து பன்னிரண்டே காலுக்கு வந்தது. இறங்க இறங்க இன்னும் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"அதையே மொறச்சுப் பாத்துட்டிருந்தா ஏறிடுமா?" என்றார் கணவர். நான் எத்தனை தடவை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு காலை, மழை. மூச்சு விட முடியாமல் மகளின் விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அவளைக் கிடத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக், டக். முள் எட்டில் விழுந்தது. மறுபடி திருப்பினேன். டாஷ்போர்டு விளக்குகளும் மங்கின.

தெருவில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "இன்னாக்கா, ஸ்டார்ட் ஆவலியா? பாப்பாவ தூக்கினு வா. என் வண்டில ஏறி குந்து!"

கேன்களுக்கு நடுவே அவளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேன்கள் மோதுகிற சத்தத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் தெளிந்து பிஸ்கட் கேட்டாள்.

மறுநாள் பாடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்தார். "பழசுதான். ஆனா இவ்ளோ சீக்கிரம் படுத்துக்கக் கூடாதே. யார்னா லைட்ட போட்டு வுட்டீங்களா?"

"நான்தான். செக் பண்றதுக்கு."

"எத்தினி வாட்டி?"

"மூணு."

"வாரத்துக்கா?"

"தினமும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி ஓட்னாதாம்மா அதுக்கு தீனி. நீ பாத்துப் பாத்தே அத்த காலி பண்ணிட்டியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற கணவரும் சேர்ந்து சிரித்தார். பயப்படுவது வேறு, பயந்ததை நடத்திவைப்பது வேறு என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

புது பேட்டரி போட்டுவிட்டு மெக்கானிக் சொன்னார்: "சாவி திருப்புறப்ப மட்டும் பாரு. முள்ளு எறங்கும். பத்துக்குக் கீழ போவாம டக்குனு ஏறி பதினாலு கிட்ட நின்னா போதும்."

இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். காலையில் ஒரே ஒரு தடவை. இருந்தும் பால் காய்ச்சும்போது, துணி மடிக்கும்போது, கீழே பூட்டிய காருக்குள் முள் எட்டில் கிடப்பது போலவே இருக்கிறது.

போன வாரம் அவளைப் பள்ளிக்கு அழைத்துப்போகச் சாவியைத் திருப்பினேன். முள் இறங்கியது, ஏறியது. பின்சீட்டிலிருந்து நீளமாக ஒரு மூச்சுச் சத்தம். பதறித் திரும்பினேன்.

"என்னடி, நெஞ்சு அடைக்குதா?"

"இல்லம்மா. முள்ளு ஏறற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுல்ல? நீயும் அப்டிதான பண்ற."

முள் ஏறாவிட்டால் என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியை எடுத்தேன்.