பாஸ்போர்ட்டுக்கு வைத்த பொட்டு

கொண்டாப்பூர் வீட்டில் ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குப் பொட்டு வைத்த கையோடு, பாஸ்போர்ட்டில் விசா ஒட்டும் வெற்றுப் பக்கத்திலும் ஈரச் சந்தனத்தை அப்பியவன் நான்தான். வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டுமாம்! பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது கிழிந்தன.

"இதி டேமேஜ், சார்" என்று தெலுங்கில் சொன்ன பாஸ்போர்ட் அதிகாரி, எப்படிக் கிழிந்தது என்று எழுதித் தரச் சொன்னார். படித்தவன் என்ற திமிர் எனக்கு. 'மனைவியின் அறியாமையால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மனைவி அந்தக் கடிதத்தின் நகலைப் படித்தாள்.

புது பாஸ்போர்ட் வந்தது, வேலை வரவில்லை. அடுத்த ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், பாஸ்போர்ட்டை மட்டும் என்னிடம் நீட்டினாள்.

"இதுக்கு நீங்களே வைங்க. பழி போடத்தான் நான் இருக்கேனே."